இறால் தொக்குக்குத் துணிக்கடை விதிகள்: ஒரு சிறு இணையதளம் எனக்கு வைத்த செலவு

"பொருள் துவைக்கப்படாமலும், விலைச் சீட்டு அகற்றப்படாமலும் இருந்தால் 7 நாள்களுக்குள் திருப்பி அனுப்பலாம்" என்று என் இணையதளத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் எழுதியிருந்தது. நான் விற்பது இறால் தொக்கும் கருவாடும். இப்போது இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் 2023 டிசம்பரிலிருந்து அடுத்த ஆண்டு ஜூலை வரையில் அந்தப் பக்கத்தால் நான் பட்ட பாட்டைச் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. என்னைப் போல வீட்டிலிருந்து பொருள் செய்து இணையத்தில் விற்பவர்கள் இந்தப் பகுதியில் பலர் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில் இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் இறாலும் நெத்திலியும் எடுத்துவருவது அவர், தொக்கும் பொடியும் செய்வது நாங்கள் இருவரும். 2020 பொதுமுடக்கத்தின்போது தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப் மூலம் விற்கத் தொடங்கினோம். வெளியூரிலிருந்தும் கேட்கத் தொடங்கிய பிறகு, 2022-இல் 18,000 ரூபாய் கொடுத்து இணையதளம் ஒன்றைச் செய்துகொண்டோம். பணம் வாங்குவதற்கான பேமென்ட் கேட்வே கணக்கைத் திறக்கும்போது, விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பித் தருதல், பொருள் அனுப்புதல், தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கங்கள் இருந்தால்தான் கணக்கு செயல்படும் என்றார்கள். தளத்தைச் செய்து கொடுத்த தம்பி, "அதெல்லாம் ஒரு சம்பிரதாயம்தான் அக்கா, நான் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே முடித்துவிட்டார். ஏதோ ஒரு துணிக்கடையின் பக்கங்களை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் படித்துப் பார்க்கவில்லை. தவறு அவருடையது என்று நெடுநாள் பொருமிக்கொண்டிருந்தேன், ஆனால் என் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றரை ஆண்டாக நிமிர்ந்து பார்க்காதவள் நான்தான்.

2023 டிசம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாள்களிலும் சேர்த்து 43 பார்சல்களைக் கூரியரில் ஒப்படைத்தேன். புயல் வருகிறது என்று தெரியும், ஆனால் வழக்கம்போல ஆந்திரப் பக்கம் போய்விடும் என்று நினைத்தேன். மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திரத்தில்தான் என்றாலும், 3, 4 தேதிகளில் சென்னையை முழுக்க நனைத்துவிட்டுத்தான் போனது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, மின்சாரம் மூன்று நாள் இல்லை, உறைபெட்டியில் இருந்த இறால் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. பார்சல்கள் கூரியர் கிடங்கில் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு வாரம் வரை யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் 14 பார்சல்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. மீதி 29-இல் சில நனைந்து போயின, சில பத்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தன, சில போகவே இல்லை.

கைப்பேசியில் மின்னூட்டம் இல்லாத அந்த மூன்று நாள்களில் எனக்கு வந்த அழைப்புகள் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. வாங்கியவர்கள் என் தளத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். "3 முதல் 5 வேலை நாள்களுக்குள் உறுதியாகக் கிடைக்கும்" என்று அதில் இருந்தது. பொருளும் வரவில்லை, பேசவும் ஆள் இல்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பதினொரு பேர் நேராகத் தங்கள் வங்கியிடம் போய்ச் சார்ஜ்பேக் கேட்டுவிட்டார்கள். சார்ஜ்பேக் என்ற சொல்லையே நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். வாங்கியவர் தன் வங்கியிடம் முறையிட்டால், அந்தத் தொகையை நம் கணக்கிலிருந்து பிடித்து வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட சில நாள்களுக்குள் நம் பக்கத்து ஆதாரத்தைத் தரச் சொல்வார்கள். நான் புயல் செய்தியையும் கூரியர் ரசீதையும் அனுப்பினேன். உங்கள் தளத்தில் பொருள் அனுப்புதல் பற்றி எழுதியுள்ள விதியைக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. அந்த விதி எனக்கு எதிராகத்தான் பேசியது. பதினொன்றிலும் தோற்று 10,340 ரூபாய் போனது. அத்தனை சார்ஜ்பேக் ஒரே வாரத்தில் வந்ததால், கேட்வேயிலிருந்து எனக்கு வரவேண்டிய மற்றப் பணமும் மூன்று வாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. மீதி 18 பேருக்கு நானே 16,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, பொருள் கெட்டுப்போனது உண்மை. பணத்தைவிட அதிகமாக வலித்தது "ஏமாற்றுக்காரி" என்று ஒருவர் அனுப்பிய ஒற்றைச் சொல் செய்திதான்.

இங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பொருள் அனுப்புதல் பற்றிய பக்கத்தில் நம்மால் முடிகிற நாள் கணக்கை மட்டுமே எழுத வேண்டும், அதுவும் எந்த நாளிலிருந்து கணக்கு என்பதோடு எழுத வேண்டும். நான் இப்போது எழுதியிருப்பது இதுதான்: பணம் வந்த நாளிலிருந்து இரண்டு வேலை நாள்களுக்குள் கூரியரில் ஒப்படைப்பேன், தமிழ்நாட்டுக்குள் பெரும்பாலும் 3 முதல் 6 நாளில் சேரும், மழை, புயல், வேலைநிறுத்தம் போன்ற காலத்தில் தாமதம் ஆகலாம், பத்து நாளுக்கு மேல் ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். கடைசி வாக்கியத்தை எழுதும்போது என் கணவர் தடுத்தார். ஆனால் தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் வாங்குபவருக்கு அடுத்த வழி வங்கிதான். என்னிடமே வழி இருக்கிறது என்று தெரிந்தால் அவர் என்னிடம் வருவார். பணம் எப்போது திரும்பும் என்பதையும் இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. நான் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இரண்டு வேலை நாளில் அனுப்பிவிடுவேன், அவர் கணக்கில் சேர வங்கிக்கு ஒரு வாரம் வரை ஆகலாம்.

புயல் கணக்கை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது. ஜனவரி இறுதியில் திருச்சியிலிருந்து ஒரு தாய் எங்கள் மீன் குழம்புப் பொடியை வாங்கியிருந்தார். அந்தப் பொடியில் மீனும் இல்லை, இறாலும் இல்லை. மிளகாய், மல்லி, சீரகம், மிளகு போன்றவைதான். ஆனால் அதே இயந்திரத்தில்தான் சென்னாக்குன்னி என்ற சின்ன இறாலின் பொடியையும் அரைப்போம். துடைத்துவிட்டுத்தான் அரைப்போம், ஆனால் துடைப்பது மட்டும் போதாது என்பது எங்களுக்குத் தெரியாது. அவருடைய மகனுக்கு இறால் ஒவ்வாமை இருந்திருக்கிறது. குழம்பு சாப்பிட்ட அன்றிரவே உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறி, ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் முதலில் தொலைபேசியில்தான் கேட்டார். நான் பயந்துபோய், "பொடியில் இறாலே இல்லை, என் தளத்தில் விதிமுறை எல்லாம் இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. மார்ச் மாதத்தில் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலிருந்து அறிவிப்பு வந்தது.

அந்த உறையைப் பிரித்த பிறகும் பதினெட்டு நாள் நான் சும்மா இருந்தேன். முதல் காரணம், பக்கத்தின் அடியில் "வழக்குகள் பெங்களூரு நீதிமன்றங்களின் வரம்புக்கு மட்டுமே உட்பட்டவை" என்று இருந்ததை அப்போதுதான் படித்து, அப்படியென்றால் திருச்சியில் வழக்கு செல்லாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இரண்டாவது, "பொருளைப் பயன்படுத்துவதால் ஏற்படும் எந்த விளைவுக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது" என்ற வரி என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். கடைசியில் தம்பு செட்டித் தெருவில் உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் போனபோது, அவர் அறிவிப்பில் உள்ள தேதியைத்தான் முதலில் பார்த்தார். அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலப் பதில் தர வேண்டும், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாள், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020-இல் உறுதிசெய்திருக்கிறது என்றார். இன்னும் இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பே பறிபோகும் நிலைக்கு வந்திருப்பேன்.

பிறகு அவர் என் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து வரிவரியாகப் படித்தார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே பெங்களூரு என்று எழுதியதால் எனக்கு ஒரு பயனும் இல்லை. எந்த விளைவுக்கும் பொறுப்பில்லை என்ற வரியைக் காட்டி, "இதை நீங்கள் ஆதாரமாகக் கொடுத்தால் உங்களுக்குத்தான் கெடுதல்" என்றார். வாங்குபவருக்கு ஒருபக்கமாகப் பாதகம் செய்யும் நிபந்தனைகளை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதே சட்டம் சொல்கிறது. எச்சரிக்க வேண்டிய இடத்தில் எச்சரிக்காமல், பொறுப்பைத் தட்டிக் கழிக்க மட்டும் ஒரு வரி வைத்திருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. உணவுப் பொருள் உறையில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் சொல்வதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள், மீன், முட்டை, பால், வேர்க்கடலை, மற்றக் கொட்டைகள், சோயா, கோதுமை போன்ற தானியங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரே இயந்திரத்தால் கலந்திருக்கக்கூடும் என்றால் அதையும் எழுத வேண்டும். எங்கள் உறையில் 14 இலக்கப் பதிவு எண் மட்டும் பெரிதாக இருந்தது.

வழக்கை நடத்தலாம், ஆனால் நடத்த வேண்டாம் என்பது அவருடைய கருத்து. என் மனமும் அதையே சொன்னது. எழும்பூரில் ரயில் ஏறி நானும் கணவரும் திருச்சிக்குப் போய் அந்தத் தாயை நேரில் பார்த்தோம். பையன் பள்ளிச் சீருடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். மருத்துவச் செலவும் சேர்த்து 40,000 ரூபாய் கொடுப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டோம், அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "அன்றைக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் ஆணையத்துக்கே போயிருக்க மாட்டேன்" என்று அவர் சொன்னதை அத்தையிடம் சொன்னபோது, அத்தை ஒரு மாதம் பொடி அரைக்கவே இல்லை.

ஏப்ரல் கடைசியில் எல்லாப் பக்கங்களையும் அழித்துவிட்டு, முதலில் தமிழில், எங்கள் வீட்டில் உண்மையில் நடப்பதை நடக்கிறபடியே எழுதினேன். பிறகு வழக்கறிஞர் அதைத் திருத்தி ஆங்கிலத்திலும் தந்தார். பொறுப்புத் துறப்பு என்றால் தப்பிக்கும் வழி என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுதத் தொடங்கியபோது, வாங்குவதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது எது என்று யோசித்தாலே பாதி பக்கம் தானாக வந்துவிட்டது. "இறால், மீன் பொருள்கள் அரைக்கும் அதே இயந்திரத்தில் எல்லாப் பொடிகளும் அரைக்கப்படுகின்றன, ஒவ்வாமை உள்ளவர்களும் சைவ உணவு உண்பவர்களும் வாங்க வேண்டாம்" என்ற வரியைத் தனிப் பக்கத்தில் புதைக்காமல், ஒவ்வொரு பொடியின் விலைக்கும் கீழேயே போட்டேன். உறையிலும் அதையே அச்சிட்டேன். இதனால் விற்பனை குறையும் என்று பயந்தேன், குறையத்தான் செய்தது, பொடி விற்பனையில் மட்டும். இப்போது பொடிக்கெனத் தனி இயந்திரம் வாங்கச் சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பி எடுத்துக்கொள்வதைப் பற்றி ஒரு விஷயம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் துணி எடுத்து வளர்ந்தவள் நான். பில்லின் அடியில் "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது" என்று இருப்பதுதான் கடையின் லட்சணம் என்று நினைத்திருந்தேன். உணவு என்பதால் நாமும் அப்படியே போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதும் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே மனம் மாறியதற்காகத் திரும்பப் பெற மாட்டேன், உடைந்தோ கசிந்தோ கெட்டோ மாறியோ வந்தால் உறுதியாகப் பெறுவேன் என்று இரண்டையும் பிரித்து எழுதினேன். பொருள் கிடைத்து 48 மணி நேரத்துக்குள் ஒரு படம் அனுப்பினால் போதும். பார்சலைப் பிரிக்கும் காணொளி இல்லாவிட்டால் பணம் இல்லை என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க யார் கேமராவை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்? காணொளி இருந்தால் விரைவாக முடியும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

எதை எழுத வேண்டும் என்பதைப் போலவே எதை எடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். பால்சுறாக் கருவாட்டுக்குக் கீழே, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கும் என்று எழுதியிருந்தோம். எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்வதுதான், அத்தை இன்றும் சொல்வார். ஆனால் விற்கும் இடத்தில் அப்படி எழுதினால் அது விளம்பர உரிமைகோரல் ஆகிவிடும், உணவு விளம்பரங்களுக்கு 2018-இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன, அடியில் "இது மருத்துவ ஆலோசனை அன்று" என்று ஒரு வரி போடுவதால் மேலே எழுதியது இல்லாமல் போய்விடாது என்று வழக்கறிஞர் சொன்னார். எடுத்துவிட்டேன். மாறாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த மாதங்களில் வஞ்சிரம் ஊறுகாய் கிடைக்காமல் போகலாம், இறால் விலை மாறலாம் என்பதைச் சேர்த்தேன். காசிமேட்டில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஈரோட்டில் இருப்பவர்களுக்கு யார் சொல்வார்கள்?

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், சொந்தத் தளத்தில் தொடர்ந்து விற்பவருக்கும் அவை உண்டு. சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி, குறைதீர்ப்பவர் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் குறைதீர்ப்பவர் நான்தான், என் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். விதிகளுக்குச் சம்மதம் என்ற கட்டத்தை முன்கூட்டியே டிக் செய்து வைக்கக் கூடாது, வாங்குபவரே டிக் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் எண்களைக் கணவரின் தங்கை நடத்தும் கேட்டரிங் தொழிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இதில் என்ன தவறு என்றுதான் நினைத்தேன். முகவரி பார்சல் அனுப்புவதற்காகத் தரப்பட்டது, வேறு எதற்கும் இல்லை என்று தனியுரிமைப் பக்கத்தில் எழுதிவிட்டு அந்த வழக்கத்தையும் நிறுத்தினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அது நடைமுறைக்கு வந்த தேதி இருக்கிறது. மாற்றும்போது பழையதை அழிக்காமல் சேமித்து வைக்கிறேன், ஏனென்றால் தகராறு வரும்போது வாங்கிய அன்று என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் கேட்பார்கள்.

சார்ஜ்பேக்கும் நானே திருப்பிக் கொடுத்ததும் 26,540, திருச்சிக்குக் கொடுத்தது 40,000, வழக்கறிஞர் கட்டணம் 12,000, பயணம் 3,200, புது உறைகளை அச்சிட 6,500, பக்கங்களைத் திருத்தித் தந்ததற்கு 5,000. மொத்தம் 93,240 ரூபாய். எங்களுக்கு நான்கு மாத வருமானம் அது. முதலிலேயே அந்த 5,000 ரூபாயைச் செலவழித்திருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தபோது, மழை தொடங்குவதற்கு முன்பே தளத்தின் முகப்பில் அறிவிப்புப் போட்டு அனுப்புவதை நிறுத்தினேன். கையில் இருந்த 26 ஆர்டர்களுக்கும் விதியின் அந்தப் பகுதியைச் செய்தியாக அனுப்பி, காத்திருக்கிறீர்களா, பணம் வேண்டுமா என்று கேட்டேன். நால்வர் பணம் கேட்டார்கள், மறுநாளே அனுப்பினேன். ஒரு சார்ஜ்பேக் கூட வரவில்லை. அந்த மழை நாளில் வேலை இல்லாததால் அத்தை பக்கத்தை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார். நிறம், எடை பற்றிய பகுதி வந்ததும் நிறுத்தி, "கார்த்திகையில காய வெச்ச கருவாடு வெயில் காலத்து நெறத்துல இருக்காதுன்னு எழுதும்மா, அப்புறம் பழசுன்னு சொல்லுவாங்க" என்றார். அன்றைய தேதியிட்டு அதையும் சேர்த்துவிட்டேன்.